இடைக்கிடை எடுக்கும் கருவிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு ஹாட்வெயார் கடையில் 14 மில்லிமீற்றர் ஸ்பானர் ஒன்று கேட்டால், கடைக்காரர் இரண்டை எடுத்து மேசையில் வைப்பார். ஒன்று பளபளவென்று மினுங்கும், விலை குறைவு. மற்றது மங்கல், விலை மூன்று நான்கு மடங்கு. "வருசத்தில ரெண்டு தரம் எடுக்கிறதுக்கு இது காணும்தானே" என்று மினுங்குவதைத் தள்ளிவிடுவார். பெரும்பாலானோர் அதையே வாங்கிக்கொண்டு போகிறார்கள். 2022இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில வாரங்களுக்குள் 300ஐத் தாண்டியபோது இறக்குமதிக் கருவிகளின் விலையும் சேர்ந்து ஏறியது. அதனால் மலிவானதை எடுக்கச் சொல்லும் அந்தப் பேச்சு இப்போது இன்னும் நியாயமாகக் கேட்கிறது.

அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. கராஜில் வேலை செய்பவர் தான் போன மாதம் எண்ணெய் தடவிப் பூட்டிய நட்டைத்தான் இந்த மாதம் கழற்றுகிறார். வீட்டுக்காரர் கை வைக்கும் நட்டு மூன்று மாரி மழையில் நனைந்து, மூன்று சோளகத்தில் காய்ந்து, போல்ட்டோடு ஒட்டிப் போனது. இடைக்கிடை எடுப்பதால் கருவி குறைவாகத் தேயும் என்பது சரி. எடுக்கும் அந்த ஒரு நாளில் அது தாங்க வேண்டிய பலமோ கராஜ்காரரின் ஸ்பானர் தாங்குவதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ஆகவே எத்தனை தரம் எடுப்போம் என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, கருவி கைவிட்டால் எது கெடும் என்று பார்க்க வேண்டும். சில கருவி கெட்டால் அது மட்டும்தான் கெடும். வேறொன்றை வாங்கி வேலையைத் தொடரலாம். சில கருவி தான் பிடித்த சாமானையும் சேர்த்துக் கெடுக்கும். இன்னும் சில கையையோ கண்ணையோ எடுத்துக்கொண்டு போகும். முதலாவது வகையில் மலிவானதைத் தயங்காமல் வாங்கலாம். மற்ற இரண்டிலும் மலிவு என்பது கடனுக்கு வாங்குவது. பிறகு வட்டியோடு கட்ட வேண்டி வரும்.

நட்டும் ஸ்பானரும்

மலிவான ஸ்பானரின் முதற்குறை வாயின் அளவு. 10 ஸ்பானர் என்றால் வாய் மிகச் சரியாக 10 மில்லிமீற்றர் இருக்காது. நட்டு உள்ளே போக வேண்டுமே, அதனால் ஒரு மயிரிழை கூட்டி விடுவார்கள். நல்ல தயாரிப்பில் இந்தக் கூடுதல் 0.2 மில்லிமீற்றருக்குள் நிற்கும். மலிவானதில் அந்த எல்லையைக் கவனிக்க ஆள் இல்லை. வாய் தளர்ந்தால் ஸ்பானர் நட்டின் தட்டைப் பக்கத்தை விட்டு மூலையை மட்டும் பிடிக்கும். இரண்டாவது குறை இரும்பு. மென்மையான இரும்பில் செய்த வாய், பலம் கொடுத்தவுடன் கண்ணுக்குத் தெரியாமல் விரியும், விட்டாலும் முழுதாகத் திரும்பாது. அடுத்த இழுவையில் மூலை வழுக்கும், அதற்கடுத்ததில் நட்டு உருண்டையாகிவிடும்.

ஸ்பானரில் மிச்சம் பிடித்த காசு அந்த இடத்திலேயே போய்விடும். உருண்ட நட்டை உளியால் பிளக்க வேண்டும், இல்லையென்றால் அதன்மேல் புது நட்டொன்றை வெல்டிங் வைத்துத் திருப்ப வேண்டும். வெல்டிங்காரரிடம் வாட்டர் பம்பைத் தூக்கிக்கொண்டு போவதற்கான செலவு, அந்த நாளில் வயலுக்குப் போகாத தண்ணீர் எல்லாம் சேர்த்தால் நல்ல ஸ்பானர் இரண்டு வாங்கியிருக்கலாம்.

"குரோம் வனேடியம்" என்று, அதாவது பலமான கலப்பு உருக்கு என்று, பொறித்திருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அச்சுக் குத்துவதற்குப் பெரிய செலவில்லை. எந்த இரும்பிலும் குத்தலாம். கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு புது போல்ட்டை வைத்துக்கொண்டு போவதுதான் நம்பகமான வழி. ஸ்பானரின் வளையப் பக்கத்தை அதில் மாட்டி இருபக்கமும் ஆட்டிப் பாருங்கள். லேசான அசைவு இருக்கும். கடகடவென்று ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். பூச்சு ஓரத்தில் உரிந்து நிற்கிறதா என்று விரலால் தடவுங்கள். உரிந்த குரோம் விளிம்பு பிளேட்டைப் போல வெட்டும்.

ஒரு பக்கம் வளையமும் மறுபக்கம் திறந்த வாயும் உள்ளதை வாங்குவது மேல். இறுகிய நட்டை வளையத்தால் இளக்கிவிட்டு, பிறகு திறந்த வாயால் வேகமாகச் சுற்றி எடுக்கலாம். சொக்கெட் வாங்குவதானால் உள்ளே ஆறு மூலை உள்ளதைக் கேளுங்கள். பன்னிரண்டு மூலை உள்ளது மாட்ட இலகு. ஆனால் துருப்பிடித்த நட்டில் ஆறு மூலைதான் வழுக்காது.

எந்த அளவுகள்? வன்னியில் ஒரு வீட்டு முற்றத்தில் நிற்கும் வாகனங்களைப் பார்த்தால் விடை வந்துவிடும். யப்பான் மோட்டார் சைக்கிளுக்கும் குபோட்டா லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கும் 8, 10, 12, 14, 17, 19. கடையில் வாங்கும் சாதாரண 8 மில்லிமீற்றர் போல்ட்டின் தலைக்கு 13. இவ்வளவும் இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். பழைய மாசி பெர்குசன் 135 உழவு இயந்திரம் இருந்தால் கதை வேறு. அதில் அங்குல நட்டுகள். முக்கால் அங்குலம் 19.05 மில்லிமீற்றர் என்பதால் 19 ஸ்பானர் சமாளிக்கும். அரை அங்குலம் 12.7, அதற்கு 13ஐப் போட்டால் 0.3 தளர்வு, இளகிய நட்டுக்குச் சரி, இறுகியதற்கு ஆபத்து. 9/16 அங்குலம் 14.29; 14 ஏறாது, 15 உருட்டிவிடும். கடைசி இரண்டுக்கும் தனியாக அங்குல ஸ்பானர் வாங்கத்தான் வேண்டும்.

வாயைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டபிள் ஸ்பானர் ஒன்று எல்லாவற்றுக்கும் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது நல்லதாக இருந்தால் பாதி உண்மை. மலிவானதில் அசையும் தாடை முன்னும் பின்னும் ஆடும். இறுக்கிப் பூட்டினாலும் இழுக்கும்போது விரியும். வாங்கினால் 10 அங்குலத்தில் நல்லது ஒன்று வாங்குங்கள், தாடையைப் பிடித்து ஆட்டிப் பார்த்து. பாவிக்கும்போது பலம் அசையாத தாடையில் விழும்படி இழுக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்து இழுப்பதால்தான் பல அட்ஜஸ்டபிள்கள் கெட்டுப் போகின்றன.

இறுகிய நட்டைக் கழற்றும் முறையும் கருவியின் ஆயுளில் ஒரு பங்கு. முதலில் கம்பித் தூரிகையால் வெளியே தெரியும் மரையைச் சுத்தம் செய்யுங்கள். துருவும் சேறும் இருக்கும்போது திருப்பினால் அவையே ஆப்பாக இறுகும். பிறகு டபிள்யூ.டி.40 போன்ற ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். காலையில் நட்டின் பக்கத்தில் சிறு சுத்தியலால் சுற்றிவரத் தட்டுங்கள். வளையத்தை முழுதாக மாட்டி முதலில் இறுக்கும் பக்கம் சிறிது அசையுங்கள். துருவின் பிடி உடைந்தால் "டிக்" என்று ஒரு சத்தம் வரும், அதன் பிறகு கழற்றும் பக்கம். கால் சுற்றுப் போய் இறுகினால் திரும்ப உள்ளே விட்டு, எண்ணெய் விட்டு, மறுபடியும். ஸ்பானர் பிடியில் குழாய் மாட்டி நீட்டி இழுப்பது கடைசி ஆயுதம். அதில் நட்டு வராவிட்டால் போல்ட் முறியும்.

ஸ்குறூ ட்ரைவரும் டெஸ்டரும்

இங்கேயும் அதே கதைதான். முனை மென்மையாக இருந்தால் முறுகும், முறுகினால் ஸ்குறூத் தலையின் பள்ளம் வழித்துப் போகும், பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் தேவைப்படுவது இரண்டே இரண்டு: நட்சத்திர முனையில் பிஎச் 2, தட்டை முனையில் 6 மில்லிமீற்றர். வீட்டில் வரும் ஸ்குறூக்களில் பெரும்பான்மை இந்த இரண்டுக்குள் அடங்கும். இரண்டே என்பதால் நல்லதையே வாங்கினாலும் செலவு பெரிதாகத் தெரியாது. இந்தியத் தப்பாரியாவோ அந்தத் தரத்தில் வேறொன்றோ போதும். ஸ்டான்லி வரை போக வேண்டும் என்றில்லை.

யப்பான் மோட்டார் சைக்கிளின் என்ஜின் மூடியில் உள்ள நட்சத்திர ஸ்குறூக்கள் பார்வைக்கு வழமையானவைதான், ஆனால் பள்ளத்தின் வடிவம் வேறு. தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அது யப்பான் அளவு. அதில் வழமையான பிஎச் 2 அடிவரை இறங்காமல் மேலே மிதக்கும். திருப்பும்போது துள்ளி வெளியே வரும். ட்ரைவரைப் பதித்து, அதன் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, உடல் பாரத்தைக் கொடுத்து அழுத்தித் திருப்ப வேண்டும். அப்படித் தட்டுவதற்கு இரும்புத் தண்டு பிடியின் மறுமுனைவரை போகும் ட்ரைவர்தான் தோது.

மின்சார வேலைக்கு எடுப்பதை வேறு கண்ணால் பாருங்கள். எங்கள் வீடுகளில் ஓடுவது 230 வோல்ட். பிடி தடித்த பிளாஸ்ரிக் என்பதற்காக அது காப்பிட்ட கருவி ஆகிவிடாது. உண்மையில் சோதித்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற அச்சும் ஐ.ஈ.சி. 60900 என்ற எண்ணும் இருக்கும். தண்டும் முனைக்கு அருகில்வரை பிளாஸ்ரிக் உறையால் மூடியிருக்கும். பேனாவைப் போன்ற சிறிய டெஸ்டர், உள்ளே இருக்கும் ஒரு தடை வழியாக மிகச் சிறிய மின்னோட்டத்தை உங்கள் உடம்புக்கூடாக விட்டுத்தான் எரிகிறது. அந்தத் தடை சரியில்லாவிட்டால் உங்களுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில் வேறு ஒன்றும் இல்லை. வெளிச்சத்தில் பல்பு மங்கித் தெரியாமல் போவதும் உண்டு; எரியவில்லை என்று நம்பித் தொடுவதுதான் விபத்து. நல்லதை வாங்கினாலும் வேலைக்கு முன் கரண்ட் இருக்கிறது என்று தெரிந்த பிளக்கில் ஒரு தரம் வைத்துப் பாருங்கள், மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் கம்பியில் கை வையுங்கள்.

குறடு, சுத்தியல்

குறட்டைக் கடையிலேயே சோதிக்கலாம். வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டும் விளிம்பு இரண்டுக்கும் இடையில் ஒளி தெரிந்தால் அது கம்பியை வெட்டாது, நசுக்கும். பிடியைத் திறந்து மூடும்போது இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் வர வேண்டும். ஆணி இடத்தில் பக்கவாட்டு அசைவு இருந்தால் அது போகப்போகக் கூடும். கட்டுக்கம்பி முறுக்குவதற்கும் தகரம் வளைப்பதற்கும் எது வாங்கினாலும் காணும். முட்கம்பி வேலிதான் குறட்டுக்குச் சோதனை. மலிவான குறட்டில் நான்கு இடத்தில் முட்கம்பி வெட்டினால் விளிம்பில் நான்கு பள்ளம் விழுந்திருக்கும். காணிக்கு முட்கம்பி வேலி உள்ளவர் 8 அங்குலத்தில் நல்ல குறடு வாங்க வேண்டும். வேலி முழுக்கக் கதியால் என்றால் அந்தச் செலவு வேண்டாம்.

சுத்தியலில் விலையைவிடத் தலையும் பிடியும் சேரும் இடம்தான் முக்கியம். இரும்புக் குழாய்ப் பிடியைத் தலையில் ஒட்டவைத்த மலிவு வகை சில வருடங்களில் ஒட்டில் வெடிக்கும், தலை பறக்கும். மரப்பிடியில் தலைக் கண் மேல்பக்கம் விரிந்திருக்கிறதா, ஆப்பு அடித்திருக்கிறதா என்று பாருங்கள். வார்ப்பு இரும்புத் தலையில் அச்சுப் பொருத்தின கோடு பக்கத்தில் ஓடும். அதை வாங்க வேண்டாம். ஆணி பிடுங்கும் கொம்பு ஒரு நாள் முறியும், முகத்தில் சில்லுத் தெறிக்கும். 16 அவுன்ஸ், அதாவது 450 கிராம் அளவில் அடித்துச் செய்த தலை உள்ளது ஒன்று இருந்தால் வீட்டுக்குப் போதும். சுத்தியலைச் சுத்தியலால் அடிப்பது எவ்வளவு நல்ல சுத்தியலாக இருந்தாலும் கூடாது. இரண்டு முகமும் கடினப்படுத்தியவை, சில்லுப் பறக்கும்.

பனங்கைமரத்தில் ஆணி அடிப்பவர்கள் சுத்தியலைத் திட்டுவது வழமை. வைரம் பாய்ந்த பனை ஆணியை வளைத்துத்தான் விடும். ஆணியின் தடிப்பைவிடச் சிறிது மெல்லிய துளை போட்டுவிட்டு அடித்தால் மலிவுச் சுத்தியலும் அந்த வேலையைச் செய்யும்.

வாள்: காசை எங்கே போடுவது

மலிவு வெல்லும் இடமும் உண்டு. மரம் அரியும் கைவாளில் பல் நுனி மட்டும் கருநீலமாக இருந்தால் அது நுனியை மட்டும் சூடாக்கிக் கடினப்படுத்திய வகை. அதை அரத்தால் கூராக்க முடியாது. மழுங்கினால் எறிய வேண்டியதுதான். நாளாந்தம் அரியும் தச்சருக்கு அது பொருந்தாது. அவருக்கு முப்பட்டை அரத்தால் திரும்பத் திரும்பக் கூராக்கக்கூடிய பழைய வகைதான் வேண்டும். வருடத்தில் நாலு சிலாகையும் ஒரு கதவுப் பலகையும் அரிபவருக்கு இந்த எறியும் வாள் வருடக்கணக்காகக் கூராகவே இருக்கும். கூராக்கத் தெரியாதவர் விலைகூடிய வாள் வாங்கினால் மழுங்கிய விலைகூடிய வாள்தான் வீட்டில் இருக்கும்.

இரும்பு அரியும் ஹக்சோவில் சட்டமும் பிளேட்டும் தனித்தனிக் கணக்கு. சட்டம் வளையாமல் பிளேட்டை இழுத்துப் பிடித்தால் போதும். நடுத்தர விலையில் எதுவும் சரி. பிளேட் இறுகாத சட்டத்தில் வெட்டு ஒரு பக்கம் சாயும், பிளேட் முறியும். மிச்சம் பிடித்த காசை பிளேட்டில் போடுங்கள். பைமெட்டல் என்று வரும் பிளேட்டில் பல் விளிம்பு கடின உருக்கு, முதுகு வளையும் உருக்கு. மலிவான பிளேட் முறியும் இடத்தில் இது வளைந்து தப்பும். அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதையும் பாருங்கள். தடித்த கம்பிக்கு 18, குழாய்க்கு 24, மெல்லிய தகட்டுக்கு 32. எந்த நேரமும் குறைந்தது மூன்று பல்லாவது இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதே விதி. 18 பல் பிளேட்டால் மெல்லிய குழாயை அரிந்தால் பல் விளிம்பில் கொளுவி உடையும்; பிளேட் தரமில்லை என்று கடைக்காரருக்குத்தான் ஏச்சு விழும். கூரைத் தகரத்துக்கு 32 கூடப் பொருந்தாது. தகரம் வெட்டும் கத்தரிதான் வேண்டும். பல் முன்னோக்கி இருக்கும்படி மாட்டி, தள்ளும்போது அழுத்தி, இழுக்கும்போது தளர்த்த வேண்டும்.

மண்வெட்டி, அலவாங்கு, கத்தி

வன்னி மண்ணில் மண்வெட்டி ஒரு தனி விடயம். மாரியில் இளகிக் கிடக்கும் செம்மண் ஆவணியில் கல்லாகும். கிறவல் நிலத்தில் எந்தப் பருவத்திலும் கல்தான். தகட்டில் வெட்டிக் கண்ணை வெல்டிங்கில் ஒட்டின மண்வெட்டி தோட்டத்துச் சால் இழுக்கக் காணும். கிறவலில் ஓங்கி வெட்டினால் அலகும் கண்ணும் சேரும் கழுத்தில் வெடிப்பு விழும். ஒரே துண்டாக அடித்துச் செய்ததில் அந்த மூட்டு இல்லை. டாட்டா அக்ரிக்கோ போன்ற அடித்துச் செய்த வகைகளுக்கு விலை கூடுவதற்குக் காரணம் இதுதான். வாங்கும்போது பூச்சுக்குக் கீழே கழுத்தைத் தடவிப் பாருங்கள்; ஒட்டு இருந்தால் மேடு தட்டுப்படும். முற்றத்தில் மழைத் தண்ணீருக்கு வாய்க்கால் எடுப்பதுதான் வேலை என்றால் ஒட்டினதே போதும்.

எதை வாங்கினாலும் புதிதாக வரும் மண்வெட்டி கூராக இருக்காது. பத்து அங்குலத் தட்டை அரத்தால் ஒரு பக்கம் மட்டும் சரிவாக்க வேண்டும். கூரான மலிவு மண்வெட்டி மழுங்கின நல்ல மண்வெட்டியை வெல்லும். கிரைண்டரில் பிடிப்பதுதான் ஊர்ப்பழக்கம். அந்தச் சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால், அந்த இடத்தில் தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம், போய்விட்டது என்று அர்த்தம். அந்த நீலம் அரத்தால் போகும்வரை அந்த விளிம்பு நிற்காது. கத்திக்கும் கோடாலிக்கும் இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

அலவாங்கில் தைரியமாக மலிவானதை வாங்கலாம். அது ஒரு தடித்த கம்பி, அவ்வளவுதான். ஐந்தடி நீளமும் போதிய தடிப்பும் இருந்தால் சரி. முனை மழுங்கினால் கம்மாலையில் காய்ச்சி அடித்துத் தோய்ச்சல் வைத்துத் தருவார்கள். மெல்லியதை வாங்கினால் கல் நெம்பும்போது வளையும், அது மட்டுமே குறை. அதைவிடப் பெரிய கவனம் ஒன்று இருக்கிறது. கண்ணிவெடி அகற்றிக் கையளிக்காத காணி, சிவப்பு எச்சரிக்கைப் பலகை நிற்கும் எல்லை, புதிதாகத் துப்புரவாக்கும் பற்றைக் காடு ஆகிய இடங்களில் அலவாங்கையோ மண்வெட்டியையோ இறக்காதீர்கள். இரும்பில் பட்டுச் சத்தம் மாறினால் தோண்டுவதை நிறுத்தி, வந்த வழியே திரும்பி, பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். பழைய இரும்புக் கடையில் கருவி தேடுபவர்களும் கருவி என்று அடையாளம் தெரிந்ததை மட்டும் தொடுவது நல்லது.

கத்தியிலும் கோடாலியிலும் மூன்றாவது தெரிவு ஒன்று இருக்கிறது: கொல்லர். லொறி வில்லுத் தகட்டிலிருந்து அடித்த கத்தி கடையில் தொங்கும் இறக்குமதி மலிவுக் கத்தியைவிடப் பெரும்பாலும் நல்லது, நல்ல இறக்குமதியைவிட மலிவு. வில்லுத் தகடு தோய்ச்சல் ஏற்கும் உருக்கு. மலிவுக் கத்தி பலவும் சும்மா தகடு. தோய்ச்சல் சரியா என்பதை அரத்தால் பார்க்கலாம். விளிம்பில் அரம் லேசாகக் கடித்துக்கொண்டு போக வேண்டும். வெண்ணெயில் போவதுபோல ஆழக் கடித்தால் மென்மை, முதல் விறகிலேயே விளிம்பு மடியும். கடிக்காமல் வழுக்கினால் மிகைக் கடினம், முடிச்சில் பட்டால் சில்லுப் போகும். முன்கூட்டியே சொல்லி, விறகு வெட்டவா, தேங்காய் உரிக்கவா, பற்றை வெட்டவா என்பதையும் சொன்னால் அதற்கேற்ற பாரத்தில் அடித்துத் தருவார்கள்.

அளவு நாடாவில் 5 மீற்றர் மலிவானது போதும். நுனிக் கொக்கி ஆடுகிறது என்று ஆணி அடித்து இறுக்கிவிடாதீர்கள்; கொக்கியின் தடிப்பளவு அது அசைய வேண்டும், அப்போதுதான் வெளிப்பக்கம் கொளுவினாலும் உள்ளே முட்டினாலும் அளவு சரியாக வரும். நீர்மட்டத்தை விலை பார்த்து வாங்க வேண்டாம். கடை மேசையில் வைத்துக் குமிழியைப் பாருங்கள், அப்படியே முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி முதல் நின்ற இடத்திலேயே நின்றால் மட்டம் சரி. விலைகூடியதிலும் பிழையானது வரும், மலிவிலும் சரியானது வரும்.

பெட்டிச் செட்

நூற்றுச் சொச்சம் துண்டு அடங்கிய பிளாஸ்ரிக் பெட்டி, சலுகை விலை. துண்டு எண்ணிக்கையால் வகுத்தால் ஒவ்வொன்றும் சில்லறைக் காசு என்று தோன்றும். அதில் வீட்டில் எடுப்பது எட்டோ பத்தோ. மிச்சம் ட்ரைவர் முனைகளும் ஒருநாளும் தேவைப்படாத சொக்கெட்டுகளும். தேவைப்படும் எட்டும் பெட்டியில் உள்ள மற்றவற்றின் தரத்தில்தான் இருக்கும். அதே காசுக்கு 10, 12, 14, 17 ஸ்பானர் நான்கும் ட்ரைவர் இரண்டும் நல்லதாக வாங்கலாம். மற்ற அளவுகளைத் தேவை வரும் நாளில் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். உருளாத ஸ்பானர் பிள்ளைகள் காலம்வரை வரும்.

இங்கோ, டோட்டல் போன்ற நடுத்தரச் சீன வகைகள் இப்போது வன்னிக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. பெயரே இல்லாத சாமானுக்கும் ஐரோப்பியத் தயாரிப்புக்கும் நடுவில் உள்ள இந்தப் படி இடைக்கிடை எடுப்பவருக்குப் பெரும்பாலும் சரியான படி. பெயரைப் பார்த்து மட்டும் எடுக்காமல், அதே போல்ட், வெளிச்சம், அரம் சோதனைகளை இவற்றிலும் செய்யுங்கள்.

இரவலும் ஒரு தெரிவுதான்

குழாய்க் கிணற்றுக் குழாய் கழற்றும் 18 அங்குலப் பைப் ரெஞ்ச் வாங்க வேண்டிய கருவியே இல்லை. அதுவும் இரண்டு வேண்டும்: ஒன்று கீழ்க் குழாயைப் பிடிக்க, மற்றது மேலே திருப்ப. மலிவானதில் பல் வழுக்கிக் குழாயை வழிக்கும், நல்லது இரண்டுக்கும் பெரிய காசு. பம்ப் திருத்துபவரிடம் கேட்பதோ, கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் இருக்கிறதா என்று விசாரிப்பதோ புத்தி. சிரமதானத்துக்கு வாங்கிய மண்வெட்டியும் அலவாங்கும் சில இடங்களில் சங்கக் கட்டடத்திலேயே கிடக்கின்றன. இரவல் கருவியைத் துடைத்து, எண்ணெய் பூசி, கூர் போயிருந்தால் கூராக்கிக் கொடுத்தால் அடுத்த தரம் கேட்க வாய் கூசாது. பிவிசி குழாயில் பைப் ரெஞ்சைப் போட வேண்டாம், நசுங்கிவிடும்.

பிடியும் துருவும்

இடைக்கிடை எடுக்கும் கருவி பாவித்துக் கெடுவதைவிடக் கிடந்து கெடுவதுதான் கூட. முல்லைத்தீவு, கொக்கிளாய்ப் பக்கம் கடற்காற்று ஒரு மாதத்தில் துருவைக் கொண்டுவரும். உள்ளே ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் மாரி ஈரம் அதே வேலையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யும். சேற்றைக் கழுவி, வெயிலில் காயவைத்து, என்ஜின் எண்ணெயில் நனைத்த துணியால் ஒரு துடை. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசினாக இறுகும். சீமெந்துத் தரையில் வைக்காமல் தூக்கி மாட்டுங்கள்.

மண்வெட்டியும் கோடாலியும் சோளகத்தில் பிடியை விட்டு ஆடத் தொடங்கும். காய்ந்த மரம் சுருங்குவதுதான் காரணம். தண்ணீர் வாளியில் போட்டு ஊறவைத்தால் இறுகும். ஆனால் ஊறிப் பருத்த மரம் கண்ணுக்குள் நசுங்கி, மறுபடி காயும்போது முன்னரைவிடத் தளர்ந்துவிடும். விண்ணாங்கு போன்ற, நேரான இழையுள்ள, அடியைத் தாங்கி வளைந்து கொடுக்கும் மரத்தில் பிடி எடுங்கள். காட்டில் கத்தி வைக்காமல் மரக்காலையிலோ சந்தையிலோ கேளுங்கள், வனத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் வெட்டினால் பிடிக்கு மேல் தண்டம் கட்ட நேரும். பிடியை ஒரு மாதமாவது நிழலில் காயவிட்டு, சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில், காற்று வரண்டிருக்கும் நாட்களில் பொருத்துங்கள். அப்போது பொருத்தினது மாரியில் பருத்து இன்னும் இறுகும். மாரியில் பொருத்தினது சோளகத்தில் கழன்று விழும். கண்ணுக்குள் போகும் முனையில் நடுவே வாளால் ஒரு வெட்டுப் போட்டு, தலையை ஏற்றி, பிடியின் மறுமுனையைத் தரையில் குத்தி இறக்கி, காய்ந்த வைர மரத்தில் செய்த ஆப்பை அந்த வெட்டில் அடித்து, வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் மரத்தைக் கண்ணுக்கு மேலே அரை விரற்கடை விட்டு அரிந்துவிடுங்கள்.